பிழையும் பிழைத்தலும்

தமிழில் 'பிழைத்தல்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. தவறுவதும் பிழைத்தல், சாவுக்குத் தப்பி உயிர் வாழ்வதும் பிழைத்தல். வேடன் எய்த அம்பு குறி பிழைத்தது என்கிறோம். அதனால் மான் பிழைத்தது என்றும் சொல்கிறோம். இவ்விரு பொருளும் மிக நெருங்கி நிற்கும் ஒரு துறையைப் பற்றி இங்கே எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். பிறவியிலேயே இதயக் குறையோடு பிறக்கும் குழந்தைகளுக்குச் செய்யப்படும் அறுவை மருத்துவமே அத்துறை. அதில் கணினி நுழைந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. குழந்தையின் உடலில் கத்தி படுமுன்னே, அறுவைக்குப் பின் அதன் குருதி எவ்வாறு ஓடும் என்பதைக் கணினியில் ஓட்டிப் பார்க்கிறார்கள். மருத்துவ விந்தை என்று வியந்து இதை நாம் கடந்து போகலாம். ஆனால் இதனுள் ஓர் அறக்கேள்வி இருக்கிறது. மனிதன் செய்யும் எதிலும் தவறு நேரும் என்றால், அந்தத் தவறு எங்கே நேர வேண்டும்?

பிறக்கும் குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்று இதயத்தின் அமைப்பில் ஏதேனும் ஒரு குறையோடு பிறக்கிறது. அவற்றுள் பல சிறிய குறைகள். தாமாகவே மூடிக்கொள்ளும் துளைகளும் உண்டு. சில குறைகளோ மருத்துவம் இன்றேல் உயிரைக் குடிப்பவை. நலமான இதயம் என்பது உண்மையில் அடுத்தடுத்து அமைந்த இரண்டு பம்புகள். வலப்புறக் கீழறை, உடலெங்கும் சுற்றிக் களைத்து வந்த குருதியை நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடப்புறக் கீழறை, நுரையீரலில் உயிர்வளி பெற்றுத் திரும்பிய குருதியை உடலுக்கு அனுப்புகிறது. இந்த ஒழுங்கில் வழி அடைபட்டாலோ, அறை ஒன்று வளராமற் போனாலோ, குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கின்றன. சென்ற நூற்றாண்டின் முற்பாதி வரை அத்தகைய குழந்தைகளுக்காகச் செய்யக்கூடியது ஏதும் இல்லை. தாய்மார் மடியில் வைத்துக் காத்திருந்தனர், அவ்வளவே.

1944 நவம்பர் 29 அன்று, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், 15 மாதப் பெண் குழந்தை ஒன்றுக்கு ஆல்ஃபிரட் பிளாலக் என்னும் அறுவை மருத்துவர் புதியதோர் அறுவையைச் செய்தார். நுரையீரலுக்குச் செல்லும் வழி குறுகிப் போனதால் நீலம் பாரித்திருந்த குழந்தை அது. நுரையீரலுக்கு வேறொரு வழியைச் செய்து கொடுத்தால் இத்தகைய குழந்தைகள் தேறுவர் என்பது ஹெலன் டாசிக் என்னும் குழந்தை மருத்துவரின் எண்ணம். கைக்குச் செல்லும் தமனியைத் திருப்பி நுரையீரல் தமனியோடு இணைத்துத் தைத்தார் பிளாலக். அவருக்குப் பின்னால் ஒரு முக்காலியின் மீது நின்று வழி சொல்லிக்கொண்டிருந்தவர் விவியன் தாமஸ். கறுப்பினத்தவர், பொருள் முடையால் கல்லூரிக் கல்வி எட்டாதவர், ஆய்வுக்கூட உதவியாளர். நாய்களின் மீது பன்முறை செய்து பார்த்து அந்த அறுவையின் நுட்பங்களை வகுத்தவர் அவரே. குழந்தை தேறியது. ஆனால் சில மாதங்களில் நோய் மீண்டது, குழந்தை இறந்தது. அதன் பின் வந்த பல்லாயிரம் குழந்தைகள் அந்த வழியிலேதான் பிழைத்தனர்.

இந்த நிகழ்ச்சியைச் சொல்லும்போதெல்லாம் வெற்றியைப் பாராட்டுகிறோம், அது முறையே. எனினும் அந்த வெற்றிக்கு யார் விலை கொடுத்தனர் என்றும் கேட்க வேண்டும். விலங்குகள் கொடுத்தன. அடுத்து, முதற் குழந்தை கொடுத்தது. மருந்தைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்க்கலாம், ஒத்துக்கொள்ளாவிடில் நிறுத்தலாம். அறுவையை அவ்வாறு பாதியளவு செய்து பார்க்க முடியாது. புதிய அறுவை ஒவ்வொன்றுக்கும் ஒரு முதற் குழந்தை இருந்தே தீரும். அக்குழந்தைக்கு இசைவு தெரிவிக்கும் வயதும் இல்லை. இதய அறுவையின் வரலாற்றை எழுதுவோர் மருத்துவர்களின் பெயர்களை வரிசைப்படுத்துகின்றனர். அவர்கள் கற்றுக்கொண்டதெல்லாம் எந்தெந்தக் கட்டிலில் கற்றார்கள் என்ற வரிசை எழுதப்படுவதில்லை.

இனி, கணினி வந்து சேர்ந்த இடத்துக்கு வருவோம். சில குழந்தைகள் பயன்படத்தக்க ஒரே ஒரு கீழறையோடு பிறக்கின்றன. இரண்டு பம்புகள் செய்ய வேண்டிய வேலைக்கு ஒன்றே உள்ளது. பிரான்சு நாட்டின் போர்தோ நகரில் 1968-ஆம் ஆண்டு ஃபிரான்சிஸ் ஃபோந்தான் என்னும் அறுவை மருத்துவர் இதற்கு ஒரு துணிவான விடை கண்டார். 1971-இல் அதனை வெளியிட்டார். இருக்கின்ற ஒரே பம்பை உடலுக்கென ஒதுக்கிவிட்டு, உடலிலிருந்து திரும்பும் குருதியை நுரையீரலுக்குத் திருப்பிவிடுவது என்பதே அவ்விடை. காலப்போக்கில் இவ்வறுவை பல மாற்றங்களைப் பெற்று, இன்று பெரும்பாலும் மூன்று படிகளில் செய்யப்படுகிறது. இறுதிப் படி முடிந்ததும், தலை, கைகளிலிருந்து வரும் மேற்பெருஞ்சிரையும், வயிறு, கால்களிலிருந்து வரும் கீழ்ப்பெருஞ்சிரையும் நுரையீரல் தமனியோடு நேரே இணைந்திருக்கும். இடையில் பம்பு ஏதும் இராது.

பம்பு இல்லாத இடத்தில் ஓட்டத்தின் ஒவ்வொரு சிறு இழப்பும் பெரிதாகிறது. வாய்க்கால் நீர் பாய்வதைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். இரு வாய்க்கால்கள் நேருக்கு நேர் வந்து மோதினால் நீர் சுழன்று நுரைத்துத் தன் விசையை இழக்கும். சற்றே விலகிச் சேர்ந்தால் வழுவி ஓடும். குழாயின் அளவிலும் இத்தகைய நுட்பம் உண்டு. குழாயின் வழியே செல்லும் ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்து மாறும் என்று புவாசேய் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டறிந்தார். பச்சிளங்குழந்தையின் நுரையீரலுக்குக் குருதி செல்லும்படி வைக்கப்படும் செயற்கைக் குழாய் 3.5 மில்லிமீட்டர் விட்டமுடையதா, 4 மில்லிமீட்டர் விட்டமுடையதா என்பது அரை மில்லிமீட்டர் வேறுபாடுதான். ஆனால் அந்தக் கணக்கின்படி ஓட்டம் ஏறத்தாழ 70 விழுக்காடு கூடிவிடும். குறைந்தால் குழந்தை நீலம் பாரிக்கும். மிகுந்தால் நுரையீரல் குருதியில் மூழ்க, உடல் வாடும். இவ்வளவு சிறிய இடைவெளியில் கை நின்று நிதானிக்க வேண்டியிருக்கிறது.

லண்டன் மாநகரின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய மார்க் டி லெவால் என்னும் அறுவை மருத்துவர் இந்த ஓட்டத்தைக் கூர்ந்து ஆராய்ந்தார். ஃபோந்தானின் முறையில் இதயத்தின் வலப்புற மேலறை குருதியைத் தள்ள உதவும் என்று நம்பப்பட்டிருந்தது. டி லெவாலும் அவர் குழுவினரும் ஆய்வுக்கூடத்தில் குழாய்களை அமைத்துச் சோதித்தபோது, அந்த அறை ஓட்டத்தைக் கலக்கி ஆற்றலை வீணாக்குகிறது என்று தெரிந்தது. ஆகவே அந்த அறையைப் பெரிதும் விலக்கிச் சிரைகளை நேரே இணைக்கும் முறையை 1988-இல் வெளியிட்டனர். பின்னர் டி லெவால் இத்தாலியின் மிலான் நகரப் பொறியியலாளர்களோடு சேர்ந்தார். இரு சிரைகளும் எந்த இடத்தில், எவ்வளவு விலகி இணைந்தால் ஆற்றல் இழப்பு குறையும் என்பதைக் கணினியில் கணக்கிட்டு 1996-இல் வெளியிட்டனர். சிரைகள் நேருக்கு நேர் மோதாமல் சற்று விலகி இணைவது நன்று என்று அவர்களது கணக்கு காட்டியது. அறுவையின் வடிவத்தை முதலில் கணினியில் வரைந்து பார்த்த தொடக்க முயற்சிகளுள் அதுவும் ஒன்று.

கணினி மாதிரி என்பது எவ்வாறு அமைகிறது? எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. கருவி எடுக்கும் படங்களிலிருந்து அந்தக் குழந்தையின் குருதிக் குழாய்களின் வடிவத்தைக் கணினியில் எழுப்புகின்றனர். அவ்வடிவத்தின் உள்வெளியை இலட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பகுக்கின்றனர். ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு நொடித்துளியிலும் குருதியின் வேகமும் அழுத்தமும் என்ன என்பதை, நவியே என்னும் பிரெஞ்சுப் பொறியாளரும் ஸ்டோக்ஸ் என்னும் அயர்லாந்தில் பிறந்த கணித அறிஞரும் 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த சமன்பாடுகளைக்கொண்டு கணக்கிடுகின்றனர். உடலின் எஞ்சிய பகுதி முழுவதையும் கட்டம் கட்டமாகக் கணக்கிட இயலாது. ஆதலால் அதற்குப் பதிலாக எளிய சில கணக்குகளை விளிம்பில் வைக்கின்றனர். பின்பு திரையில் குழாயை வெட்டலாம், வளைக்கலாம், வேறிடத்தில் இணைக்கலாம். ஓட்டம் கெட்டால் அழித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். மேடையேறுமுன் நடிகர்கள் பார்க்கும் ஒத்திகை போன்றது இது. ஒத்திகையில் எத்தனை முறை தவறினாலும் எவருக்கும் இழப்பில்லை.

எனவேதான் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இங்கே ஒரு விடை கிடைக்கிறது என்று கருதுகிறேன். தவறு நேரத்தான் வேண்டும் என்றால், குழந்தையின் நெஞ்சில் நேர்வதற்குப் பதிலாகத் திரையில் நேரட்டும். இதனை வசதி என்று மட்டும் சொல்வது போதாது. இது கடமையின் எல்லையையே மாற்றுகிறது. அறநூலோர் அறியாமையை இருவகையாகப் பிரிப்பர்: எவ்வளவு முயன்றாலும் வெல்ல முடியாத அறியாமை ஒன்று, முயன்றால் வெல்லத்தக்க அறியாமை மற்றொன்று. முன்னதனால் விளையும் தீங்குக்கு ஒருவர் மீது குற்றம் சாராது. பின்னதனால் விளைவதற்குச் சாரும். 1944-இல் பிளாலக்கின் அறியாமை பெரும்பாலும் முதல் வகையைச் சார்ந்தது. தெரிந்துகொள்ளத் தமக்கிருந்த வழிகளில் அவரும் தாமஸும் முயன்றனர். இன்று, புதிய வடிவம் ஒன்றைக் குழந்தையின் உடலில் அமைக்க எண்ணும் ஒருவர், அதைக் கணினியில் ஓட்டிப் பார்க்க வாய்ப்பு இருந்தும் பாராமல் அமைப்பாரானால், அவருடைய அறியாமை இரண்டாம் வகைக்கு நெருங்குகிறது. கருவி ஒன்று பிறக்கும்போது அதனோடு கூடவே ஒரு பொறுப்பும் பிறக்கிறது.

இங்கே ஒரு தடை எழலாம். உலகில் இதயக் குறையோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் ஏழை நாடுகளில் பிறக்கின்றனர். அவர்களுள் பலருக்கு எளிய அறுவையே எட்டாதபோது, கணினி ஒத்திகையைக் கடமை என்று பேசுவது வீண் பேச்சாகாதா? நியாயமான தடையே. கணினி இல்லாத இடத்தில் தம்மால் இயன்ற அனைத்தையும் செய்யும் மருத்துவர் மீது எக்குற்றமும் இல்லை. இயலாத ஒன்று எவருக்கும் கடமை ஆகாது. மேலும், கணினி கற்றுத் தந்த பாடம் அனைத்தும் கணினியோடு ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. சிரைகளைச் சற்று விலக்கி இணைப்பது நன்று என்பதைக் கண்டறியக் கணக்கு வேண்டியிருந்தது. கடைப்பிடிக்கக் கணினி வேண்டியதில்லை. எந்த நாட்டின் அறுவை அரங்கிலும் ஒருவர் அதைச் செய்யலாம். ஆகையால் கடமையின் மறுபாதி, கற்றவற்றை மறைக்காமல் வெளியிடுவதில் இருக்கிறது.

ஆயினும், திரையில் தவறுவது மட்டும் போதுமா? திரையே தவறினால் என் செய்வது? கணினி பொய் சொல்லாது என்று பலர் நம்புகின்றனர். அது கேட்டதற்கு மட்டுமே விடை சொல்லும் என்பதை மறந்துவிடுகின்றனர். 1996-இல் கேட்கப்பட்ட முதன்மைக் கேள்வி, ஆற்றல் இழப்பு எவ்வாறு குறையும் என்பது. ஆனால் கல்லீரலிலிருந்து வரும் குருதியில் நுரையீரலுக்கு இன்றியமையாத ஏதோ ஒரு பொருள் இருக்கிறது. அது சென்று சேராத நுரையீரலில் காலப்போக்கில் குருதிக் குழாய்கள் முறைகெட்டு வளர்ந்து, குழந்தை மீண்டும் நீலம் பாரிப்பதை மருத்துவர்கள் கண்டிருக்கின்றனர். கல்லீரலின் குருதி வருவது கீழ்ப்பெருஞ்சிரை வழியே. அச்சிரையை ஒரு பக்கமாக மிக விலக்கி இணைத்தால் ஆற்றல் மிஞ்சலாம். மறுபக்க நுரையீரலோ பட்டினி கிடக்கும். ஆற்றலைப் பற்றி மட்டுமே கேட்டவருக்குக் கணினி ஆற்றலைப் பற்றிச் சரியான விடையையே தந்திருக்கும். எதைக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தவன் மனிதன். கேள்வியைத் தேர்ந்தெடுப்பதே ஓர் அறச்செயல் என்பது இதனால் விளங்கும்.

இவ்விரு நோக்கங்களையும் ஒருங்கே நிறைவேற்ற முடியுமா என்று சிலர் முயன்றனர். ஆலிசன் மார்ஸ்டன் என்னும் பொறியியலாளரும், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் குழந்தை இதய மருத்துவர் ஜெஃப்ரி ஃபைன்ஸ்டைனும் தம் குழுவினரோடு 2009-இல் ஒரு புதிய வடிவத்தை வெளியிட்டனர். கீழ்ப்பெருஞ்சிரையிலிருந்து வரும் குழாயைக் கவட்டைக் கோல் போல் இரண்டாகப் பிரித்து, கிளைக்கு ஒரு நுரையீரலாக அனுப்பும் வடிவம் அது. கணினியில் அது சிறந்து விளங்கியது. பின்னர் சிலருக்கு அவ்வாறே அறுவை செய்யப்பட்டது. சிலரிடம் ஓட்டம் நன்கு பங்கிடப்பட்டது. எல்லாரிடமும் அவ்வாறு அமையவில்லை. குழாயின் ஒரு கிளையில் குருதி உறைந்ததும் உண்டு. ஒருவருக்குப் பொருந்தும் வடிவம் மற்றவருக்குப் பொருந்துவதில்லை என்பதை அவர்களே எழுதி வெளியிட்டனர். வடிவத்தைக் கண்டுபிடித்ததை விட, அது பொருந்தாத இடத்தை ஒளிக்காமல் சொன்னதையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

இரண்டாவது எச்சரிக்கை இன்னும் நுண்ணியது. 'இந்தக் குழந்தையின் இதயம்' என்று திரையில் காட்டப்படுவதில் எவ்வளவு இந்தக் குழந்தையுடையது? குழாய்களின் வடிவம் அதனுடையது. ஓட்டத்தின் அளவுகள் சில அதனிடமே எடுக்கப்பட்டவை. ஆனால் குழாய்ச் சுவரின் விறைப்பு, உடலின் தொலைப் பகுதிகள் தரும் தடை, அறுவைக்குப் பின் உடல் தன்னை மாற்றிக்கொள்ளும் விதம் போன்ற பல எண்கள் பிற குழந்தைகளிடமிருந்தோ பொதுவான அனுமானத்திலிருந்தோ கடன் வாங்கப்பட்டவை. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் அஜித் யோகநாதன் தலைமையில் இயங்கிய குழுவினர், ஃபோந்தான் அறுவை செய்துகொண்ட 100 பேரின் குருதியோட்டத்தைத் தனித்தனியே கணக்கிட்டு 2014-இல் வெளியிட்டனர். ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையே அத்துணை வேறுபாடு இருந்தது. வேறுபாடு இவ்வளவு பெரிதாக உள்ள இடத்தில் கடன் வாங்கிய எண் ஒவ்வொன்றும் ஓர் ஐயத்தைத் தாங்கி நிற்கிறது. ஆனால் திரையில் தோன்றும் சிவப்பும் நீலமும் மஞ்சளும் அந்த ஐயத்தைக் காட்டுவதில்லை. உறுதியாகத் தெரிந்ததையும் ஊகித்ததையும் ஒரே நிறத்தில் தீட்டிவிடுகின்றன.

மூன்று வயதுக் குழந்தையின் தாய் ஒருத்தி அந்தத் திரையின் முன் அமர்ந்திருப்பதாக எண்ணிப் பாருங்கள். இரவெல்லாம் உறங்காதவள். மருத்துவர் திரையைச் சுட்டிக்காட்டி, "இப்படி இணைத்தால் குருதி இவ்வாறு ஓடும்" என்கிறார். வண்ணங்கள் அழகாக ஓடுகின்றன. அவள் அதை எதிர்காலத்தின் நிழற்படமாகவே காண்பாள். அது ஒரு கணிப்பு, நன்கு ஆராய்ந்த கணிப்பு, ஆயினும் கணிப்பே என்பதை அவளுக்குச் சொல்ல வேண்டியவர் யார்? சொன்னால் அவள் நம்பிக்கை தளரும் என்று அஞ்சிச் சொல்லாமல் விடலாமா? விடலாகாது என்றே என் மனச்சான்று கூறுகிறது. அவள் கையெழுத்திடப் போவது தன் குழந்தையின் உடலுக்காக. எதை நம்பிக் கையெழுத்திடுகிறோம் என்று அறிய அவளுக்கு உரிமை உண்டு. உண்மையின் மேல் நிற்கும் நம்பிக்கை சற்றுச் சிறிதாக இருக்கலாம். அறுவைக்குப் பின்னும் அது நிலைத்து நிற்கும். அழகிய படத்தின் மேல் எழுப்பிய நம்பிக்கை, முதல் காய்ச்சலிலேயே மருத்துவர் மீது சினமாக மாறிவிடும்.

மூன்றாவது, பொறுப்பைப் பற்றியது. முடிவு தீதாக அமைந்தால், "கணினி அவ்வாறு சொன்னது" என்று கூறும் மயக்கம் எவருக்கும் வரலாம். அதற்கு மாறான ஒரு முன்மாதிரியை, முன்னர்க் குறித்த டி லெவாலிடமே காண்கிறோம். இடம் மாறிப் பிறந்த இரு பெருந்தமனிகளை வெட்டி உரிய இடத்தில் தைக்கும் அறுவையை அவர் பச்சிளங்குழந்தைகளுக்குச் செய்து வந்தார். முதல் 52 குழந்தைகளில் ஒன்றே இறந்தது. அடுத்து வந்த 16 குழந்தைகளில் 7 இறந்தன. குழந்தைகள் மிகவும் நலிந்திருந்தனர் என்றோ, விதி என்றோ சொல்லி அவர் நகர்ந்துவிடவில்லை. தம் கைதான் எங்கோ தவறியது என்ற ஐயத்தோடு, இந்த அறுவையில் குறைந்த இறப்பு கண்ட வேறொரு மருத்துவரிடம் சென்று மீண்டும் பயின்றார். தம் தோல்விகளை எண்ணிக் கணக்கிட்டு, 1994-இல் தம் பெயரிலேயே வெளியிட்டார். கணக்கை அவர் தம்மை மறைத்துக்கொள்ளும் திரையாக்கவில்லை. தம்மையே காட்டும் கண்ணாடியாக்கினார்.

ஃபோந்தானும் அவ்வாறே செய்தார். தம் பெயரைத் தாங்கிய அறுவை உலகெங்கும் பரவிய பின், 1990-இல், எல்லாம் குறையின்றி அமைந்தாலும் அதன் விளைவு என்னவாகும் என்று பிறரோடு சேர்ந்து கணக்கிட்டார். தக்க நோயாளியைத் தேர்ந்து, பிழையின்றி அறுவை செய்தாலும், 15 ஆண்டுகளின் முடிவில் நூற்றுக்கு ஏறத்தாழ 73 பேரே உயிரோடிருப்பர் என்றும், இவ்வறுவை துயர் தணிப்பதேயன்றி நோயை முற்றும் நீக்குவதன்று என்றும் எழுதினார். அக்காலத்தை விட இன்று நிலைமை நன்கு மேம்பட்டுள்ளது. எனினும், பம்பு இல்லாத ஓட்டத்தால் சிரைகளில் ஏறும் அழுத்தம் ஆண்டுகள் செல்லச் செல்லக் கல்லீரல் முதலிய உறுப்புகளை நலிவிப்பதை மருத்துவர்கள் இன்றும் காண்கின்றனர். தம் புகழுக்குக் காரணமான ஒன்றின் குறையைத் தாமே அளந்து சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

வள்ளுவர் மருந்தைப் பற்றிப் பேசும் அதிகாரத்தில், கற்ற மருத்துவன் கருத வேண்டிய அளவுகள் மூன்றைச் சொல்கிறார். அவற்றுள் நோயின் அளவும் உண்டு, காலமும் உண்டு. ஆனால் அவற்றுக்கு முன்னே அவர் வைத்தது நோயுற்றவரின் அளவை. கணினி மாதிரியைப் பற்றி எண்ணும்போதெல்லாம் இந்த வரிசை என் நினைவுக்கு வருகிறது. நோயின் அளவை, முன்னெப்போதும் இயலாத நுட்பத்தோடு கணினி அளக்கிறது. அதற்காக நாம் நன்றியுடையோம். காலத்தையும் ஓரளவு அளக்கிறது. நோயுற்ற அந்தக் குழந்தையின் அளவையோ இன்னும் ஒருவர் அருகில் அமர்ந்து, கையைப் பற்றி, மூச்சைக் கேட்டு, தாயிடம் பேசித்தான் அளக்க வேண்டும். இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டியதில்லை. கைவிடலாகாது என்பதே நான் சொல்ல வந்தது. திரையை நம்பிக் குழந்தையைப் பாராதிருப்பது எவ்வளவு தவறோ, குழந்தையின் மீதுள்ள அன்பே போதும் என்று திரையைப் பாராதிருப்பதும் அவ்வளவு தவறு. அறிவு வேண்டிய இடத்தில் அன்பு மட்டும் கொண்டு போவது, அன்பிலும் ஒரு குறையே.

இன்னும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். தவறுகளைக் கணினிக்கு மாற்றிவிட்டோம். இனிக் குழந்தைகள் விலை கொடுக்க வேண்டியதில்லை என்று நாம் முழுதும் ஆறுதல் கொள்ள முடியாது. கணினி ஓட்டும் கணக்கு சரியா என்பதை எதைக்கொண்டு சரிபார்க்கிறார்கள்? அறுவைக்குப் பின் குழந்தைகளிடம் எடுத்த அளவுகளைக்கொண்டே. கடன் வாங்கிய அந்த எண்கள் யாரிடமிருந்து வந்தவை? பிழைத்த குழந்தைகளிடமிருந்தும், பிழைக்காத குழந்தைகளிடமிருந்தும். திரையில் ஓடும் ஓட்டத்தின் அடியில், 1944-ஆம் ஆண்டின் அந்த 15 மாதக் குழந்தை முதலாகப் பலருடைய சிறு வாழ்க்கைகள் கிடக்கின்றன. இன்று ஒரு குழந்தை ஒத்திகையின் பயனாகப் பிழைத்து எழுமானால், அது அவர்களிடமிருந்து பெற்றுக்கொண்ட உயிர். ஆகவே, ஒவ்வோர் அறுவையின் பின்னும் நேர்ந்ததை நேர்ந்தபடியே எழுதி வைப்பதும், கணிப்பு எங்கே தவறியது என்பதை மறைக்காமல் சொல்வதும், அடுத்த குழந்தைக்கு நாம் செய்யும் உதவி மட்டுமல்ல. முன்சென்ற குழந்தைகளுக்கு நாம் பட்டிருக்கும் கடனும் ஆகும்.